தென் ஐரோப்பாவில் ஐம்பது நாட்கள்: பார்த்ததும் பட்டதும்

வெளிநாட்டுப் பயணம் என்றால் எங்கள் பகுதியில் இரண்டு வகைதான் தெரியும். ஒன்று, காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போவது. மற்றது, மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போவது. சுற்றிப் பார்ப்பதற்கென்று போய், பார்த்து முடித்து, சொன்ன திகதியில் திரும்பி வருவது பலருக்கு நம்ப முடியாத விடயமாக இருக்கிறது. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நானும் கணவரும் போர்த்துக்கல், ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் ஆகிய நான்கு நாடுகளில் ஐம்பது நாட்கள் இருந்துவிட்டு வந்தோம். வந்த நாள் முதல், நான் வேலை செய்யும் கிராமங்களில் பெண்கள் மூன்று கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எவ்வளவு முடிந்தது? என்ன சாப்பிட்டீர்கள்? பயமாக இருக்கவில்லையா?

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், இத்தாலியின் பலேர்மோ நகரில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறார். விமானச் சீட்டுகளை அவர்தான் எடுத்துத் தந்தார். மிச்சம் எங்கள் நான்கு வருடச் சீட்டுக் காசு. 2021 இல் 240 ரூபா அளவில் இருந்த ஒரு யூரோ நாங்கள் போகும்போது 320, 330 ரூபா ஆகியிருந்தது. இதனால் ஒரு தேநீருக்குக்கூட மனதுக்குள் பெருக்கல் கணக்குப் போட்டுத்தான் காசைக் கொடுத்தோம். ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. 2024 ஜூன் வரை 80 ஆக இருந்ததை நாங்கள் விண்ணப்பிக்கும் நேரம் பார்த்துக் கூட்டினார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும் என்பதால் இத்தாலியிடம் கேட்டோம். அந்த ஒரு விசாவுடன் மற்ற நாடுகளுக்கும் போகலாம். 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது, அவ்வளவுதான்.

முதலில் இறங்கியது போர்த்துக்கல்லின் தலைநகரான லிஸ்பனில். மேடும் பள்ளமுமான ஊர். நடைபாதையெல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்து அலங்காரம் செய்திருக்கிறார்கள். பார்க்க வடிவு, பெட்டி இழுக்க ஆகாது. தங்குமிடத்துக்கு இருநூறு மீற்றர் இருக்கும்போது எங்கள் பெரிய பெட்டியின் சில்லொன்று கழன்று, இறக்கத்தில் உருண்டு போய்விட்டது. என் கணவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். "ஒரு குறடு இருந்தால் அஞ்சு நிமிச வேலை" என்று சொல்லிக்கொண்டே சில்லைத் தேடிப் பிடித்து வந்தார். ஆனால் குறட்டுக்கு எங்கே போவது?

தங்குமிடத்தை நடத்திய வயதான அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டுத் தெருமுனையைக் காட்டி ஏதோ சொன்னார். அதில் 'சப்பாத்து' என்று என் காதில் விழுந்தது. நான் திரும்பவும் "சப்பாத்து?" என்று என் காலைக் காட்டிக் கேட்டேன். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சப்பாத்துத் தைப்பவரிடம் போகச் சொல்லியிருக்கிறார். போனோம். அந்த மனிதர் இவருடைய கையைப் பார்த்தே தொழிலாளி என்று விளங்கிக்கொண்டார் போலும், குறட்டையும் ஆணியையும் இவரிடமே கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதையாமல் சில்லைப் பூட்டி முடித்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்.

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658 வரை ஆண்டதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர்கள் எங்கள் வீடுகளுக்குள் விட்டுப்போன பொருட்களின் பெயர்களை அந்தத் தங்குமிடத்தில்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்த அம்மா அறையைக் காட்டிக்கொண்டு வந்தபோது மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், துவாய் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட எங்கள் சொல்லையே சொன்னார். சமையலறை குசினி. காலையில் தருவது பாண். திறப்பை 'ஷாவ்' என்று நீட்டினார். இந்தியத் தமிழில் சாவி என்பது அதுதான். எங்கள் அம்மம்மா 'குசினி' என்று சொன்னால் நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக "சமையலறை என்று சொல்லுங்கோ" என்று திருத்துவேன். நானூறு வருடங்களாகப் புழங்கி வந்த சொல் அது.

ஆனால் என்னை நிற்க வைத்த சொல் வேறு. காணி அலுவல்களில் பழைய ஆட்கள் 'தோம்பு' என்று சொல்வார்களே, காணிப் பதிவேடு, அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான். லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரே 'தோம்புக் கோபுரம்'. 1378 இலிருந்து நகரத்துக் கோட்டையின் ஒரு கோபுரத்தில் அரச ஆவணங்களை வைத்திருந்ததால் அந்தப் பெயர். 1755 நவம்பர் 1 ஆம் திகதி வந்த பெரும் பூமியதிர்ச்சியில் லிஸ்பனின் பெரும்பகுதி அழிந்தது, கோபுரமும் விழுந்தது. எழுபது வயதைக் கடந்திருந்த காப்பாளர் மனுவல் த மாயா, இடிபாடுகளுக்குள்ளிருந்து ஆவணங்களை எடுப்பித்துப் பாதுகாத்தார் என்று வரலாறு சொல்கிறது. நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது கடுதாசிகளைப் பற்றிக் கவலைப்பட ஒரு மனிதர் இருந்திருக்கிறார்.

இப்போதுள்ள புதிய கட்டடத்தின் வாசலில் போய் நின்றேன். "இதைப் பார்க்கத்தானோ இவ்வளவு தூரம் வந்தனீர்?" என்று இவர் கேட்டார். உறுதி தொலைந்த காணிக்காகப் பிரதேச செயலகத்துக்கும் நொத்தாரிசிடமும் நடந்து களைத்த எத்தனை பெண்களுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேட்டுவிட்டு என்னோடு அரை மணித்தியாலம் நின்றார்.

சாப்பாட்டுக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லலாம். போர்த்துக்கல்லில் சோறு சாப்பிடுகிறார்கள். சூடை மீனைப் போன்ற மீனைத் தணலில் சுட்டு வைக்கிறார்கள். உப்பிட்டுக் காயவைத்த பெரிய மீனைக் கடைகளில் பலகை மாதிரி அடுக்கியிருக்கிறார்கள், கிட்டப் போனால் எங்கள் கருவாட்டு வாடியின் மணம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் இருந்தவுடன் கேட்காமலே பாணும் ஒலிவ் காயும் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் இல்லை. தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கலாம், அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

லிஸ்பனிலிருந்து ஸ்பெயினின் தலைநகர் மட்ரிட்டுக்கு முன்பு இரவு ரயில் ஓடியது. 2020 இல் கொரோனாவோடு நிறுத்தினார்கள், நாங்கள் போகும்வரை திரும்ப விடவில்லை. இரண்டு தலைநகரங்களுக்கு நடுவில் நேரடி ரயில் இல்லை என்பது எங்களுக்கே புதினமாக இருந்தது. பஸ்ஸில் போனோம். ஏறி ஒரு மணித்தியாலத்தில் குளிரூட்டி பழுதாகிவிட்டது. யன்னல் திறக்க முடியாத பஸ். முன்சீற்றில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் விசிறி இல்லை. என் சோல் ஒன்றை மடித்து விசிறிக் கொடுத்தேன்.

நடுச்சாமத்துக்குப் பிறகு எல்லை வரும் என்று கணவர் சொல்லியிருந்தார். நான் கடவுச்சீட்டையும் விசாக் கடுதாசிகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போர்நிறுத்த காலத்தில் ஓமந்தையில் இறங்கி, சாமான்களைக் கொட்டிக் காட்டி, வரிசையில் நின்று, திரும்ப ஏறின பிள்ளைதானே நான். ஒரு நாட்டுக்குள்ளேயே அப்படியென்றால், இரண்டு நாடுகளுக்கு நடுவில் எப்படியிருக்கும்? பஸ் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சிறிது நேரத்தில் தொலைபேசியில் குறுஞ்செய்தி ஒன்று வந்தது, ஸ்பெயினுக்கு நல்வரவு என்று. ஒரு சின்ன ஆற்றைத் தாண்டியிருக்கிறோம். சோதனைச் சாவடி இல்லை, துவக்குப் பிடித்தவர் இல்லை, வெளிச்சமும் இல்லை. நான் விடியும்வரை கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தேன் என்று இவர் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்.

மட்ரிட்டில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு செவ்வாயும் ஒரு புதனும். நான் பார்க்க விரும்பிய ரெய்னா சோஃபியா நூதனசாலை செவ்வாய்க்கிழமைகளில் பூட்டு. ஓகஸ்ட் வெயிலில், நாங்கள் கிளிநொச்சியில் காணாத வெயிலா என்று வீறாப்பாக நடந்து, பின்னேரம் இரண்டு பேரும் ஒரு பூங்காவில் மர நிழலில் படுத்துவிட்டோம். அந்த நாட்டில் மத்தியானம் பல கடைகளை மூடிவிட்டு ஓய்வெடுக்கிறார்கள், இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் சாப்பிடுகிறார்கள். ஏழு மணிக்குச் சாப்பாடு தேடின எங்களைக் கடைக்காரர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

புதன்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு அங்கே அனுமதி இலவசம். 'குவெர்னிகா' என்ற ஓவியத்தைப் பார்க்கத்தான் போனோம். குவெர்னிகா வட ஸ்பெயினில் ஒரு சின்ன ஊர். 1937 ஏப்ரல் 26 ஆம் திகதி, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் பக்கம் நின்ற ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் அந்த ஊரின் மேல் குண்டு போட்டன. பரிசில் இருந்த பிக்காசோ அதை அறிந்து சில கிழமைகளுக்குள் இந்தப் படத்தை வரைந்தார். மூன்றரை மீற்றர் உயரம், ஏழே முக்கால் மீற்றர் நீளம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்கள் மட்டும். நாட்டில் சுதந்திரம் திரும்பும்வரை படம் ஸ்பெயினுக்குப் போகக்கூடாது என்பது பிக்காசோவின் விருப்பம். பல்லாண்டுகள் நியூயோர்க்கில் இருந்து, பிராங்கோ 1975 இல் இறந்த பின்னர், 1981 இல்தான் ஸ்பெயினுக்கு வந்தது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஒரு விரிவுரையாளர் இதன் சிறிய பிரதியைக் காட்டியிருக்கிறார். அப்போது விளங்கவில்லை. கோணல் மாணலான முகங்கள், மாடு, குதிரை. நேரில் நின்றபோது இடது பக்கத்து ஓரத்தில் இருந்து என்னால் நகர முடியவில்லை. இறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலையை அண்ணாந்து வாய் திறந்திருக்கும் ஒரு தாய் அங்கே இருக்கிறாள். சத்தம் கேட்கவில்லை என்பதுதான் ஒரே வித்தியாசம். படத்தில் குண்டு இல்லை, விமானம் இல்லை, போட்டவன் இல்லை. பெண்களும் ஒரு குழந்தையும் மிருகங்களும் விழுந்து கிடக்கும் ஒருவனும் மட்டும். பக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு வெளியே போய் வாங்கில் இருந்துவிட்டார். இரவு சாப்பிடும்போது, "அந்தக் குதிரையின் நாக்கைக் கவனிச்சனீரோ?" என்று மட்டும் கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. அவர் தாயைப் பற்றிக் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

ஓகஸ்ட் 15 ஆம் திகதி பலேர்மோவில் இறங்கினோம். நாங்கள் வந்தோம், பெட்டி வரவில்லை. அன்று மாதாவின் விண்ணேற்பு விழா. இத்தாலியர் 'ஃபெர்ரகோஸ்தோ' என்று சொல்லி நாட்டையே மூடிவிடும் விடுமுறை. பெட்டி தாமதமானால் அவசியமான உடுப்பு, பற்தூரிகை வாங்கிய பற்றுச்சீட்டைக் கொடுத்து விமானக் கம்பனியிடம் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், வாங்குவதற்குக் கடை திறந்திருக்க வேண்டுமே. மச்சாளின் சட்டைகளைப் போட்டுக்கொண்டு நாலு நாள் திரிந்தேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு.

விமான நிலையத்தில் தொலைந்த பொதிகளுக்கென்று ஒரு மேசை இருந்தது. அங்கே ஒரு இளம்பெண் பெட்டிகளின் படங்கள் போட்ட அட்டை ஒன்றை நீட்டி, எது மாதிரி என்று கேட்டாள். நிறம் கேட்டாள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: ஐந்து சட்டை, இரண்டு சாறி, மச்சாளுக்குக் கொண்டுவந்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, முருக்கங்காய் வத்தல், ஒடியல், பனங்கட்டிக் குட்டான். ஒடியலை அவளுக்கு விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் போனது. பனையின் கிழங்கு என்று இவர் நிலத்தைத் தோண்டிக் காட்டி நடித்தார். பின்னால் வரிசை நீண்டது. அவள் அவசரப்படவில்லை. கடைசியில் ஒரு இலக்கம் எழுதிய கடுதாசியைத் தந்து, இந்த இலக்கத்தைச் சொல்லி எப்போதும் கேட்கலாம் என்றாள்.

காரில் போகும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிக்காக அழுகிறேன் என்று நினைத்து மச்சாள், "வந்திடுமடி, இவங்கள் எல்லாரும் இப்படித்தான், நாலு நாளில கொண்டுவந்து தருவாங்கள்" என்றார். 2009 ஏப்ரலில் அம்மாவும் நானும் மாத்தளன் பக்கம் நீரேரியைக் கடந்து வந்தபோது கையில் ஒரு பைதான் இருந்தது. தண்ணீருக்குள் அது போய்விட்டது. அம்மாவின் இரண்டு சீலை, அப்பாவின் அடையாள அட்டை, என் சாதாரண தரச் சான்றிதழ், ஒரு டோர்ச், ஒரு பால்மாப் பைக்கற்றில் அரைவாசி. என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் பெட்டி வாசலுக்கே வந்தது. லிஸ்பனில் பூட்டிய சில்லு உறுதியாக இருந்தது. மற்றப் பக்கத்துச் சில்லு உடைந்திருந்தது.

பலேர்மோவில் நாலு கிழமை இருந்தோம். அங்கே எண்பதுகளிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பலர் வீட்டு வேலையும் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையும் செய்கிறார்கள். மச்சாளும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்க்கிறார். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு வருவார். அங்குள்ள பெண்களின் உழைப்பைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பலாரோ சந்தையில் கத்தரிக்காயும் கணவாயும் வாங்கி நான் சமைத்து வைப்பேன். அதுதான் அந்த நாலு கிழமையும் என் வேலை. இவர் முதல் தடவையாகக் கோப்பை கழுவப் பழகினார். அக்கா வீட்டில் யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம். இங்கே வந்த பிறகும் அது நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. 1624 இல் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது, பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அவருடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன என்றும், அடுத்த வருடம் அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனபின் நோய் நின்றது என்றும் அவர்கள் நம்புகிறார்கள். எங்கள் ஆட்கள் கத்தோலிக்கரும் சைவரும் என்ற வித்தியாசம் இல்லாமல் அந்த மலைக்குப் போகிறார்கள். செப்டெம்பர் 4 ஆம் திகதி அவருடைய திருநாளுக்கு நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு பழைய கல்லுப்பாதையால் ஏறுவது வழக்கம். மச்சாளுக்கு நேர்த்தி இருந்தது, நானும் ஏறினேன். அரைவாசியில் என் கால் பிளந்து இரத்தம் வந்துவிட்டது. ஒரு சிசிலிய மூதாட்டி பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து, இருந்து, என் பாதத்தைத் தன் மடியில் வைத்து ஒட்டிவிட்டார். கோயில் குகைக்குள் இருக்கிறது. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகளால் ஏந்திச் சேர்க்கிறார்கள். பூவோடு நின்ற தமிழ்ப் பெண்களைப் பார்த்தபோது வற்றாப்பளைப் பொங்கல்தான் நினைவுக்கு வந்தது. மச்சாள் என்ன நேர்ந்தார் என்று நான் கேட்கவில்லை.

சிசிலி ஒரு தீவு. அங்கிருந்து இத்தாலியின் பெருநிலத்துக்கு ரயில் எப்படிப் போகும் என்று நினைக்கிறீர்கள்? மெசினா துறைமுகத்தில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். ரயில் பெட்டியை விட்டு இறங்கி, படியால் ஏறி, கப்பல் தட்டில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்து இருக்கலாம். 1964 புயலுக்கு முன்னர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலில் போன கதையை அப்பா சொல்வார், அங்கே ஆட்கள்தான் கப்பல் மாறினார்கள். இங்கே ரயிலே மாறுகிறது. இவருக்கு ஐம்பது நாட்களில் பிடித்தது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்லுவார்.

நாப்போலியில் ரயில் வேலைநிறுத்தம். 'ஷோப்பெரோ' என்ற சொல்லை அங்கே எல்லோரும் மழை பெய்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் குறிப்பிட்ட சில ரயில்கள் ஓடியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் எங்கள் பாதைக்கு அது உதவவில்லை. என் கணவர் எந்தப் பயணத்துக்கும் மூன்று மணித்தியாலம் முந்திப் போய் நிற்பவர். இடப்பெயர்வில் பிந்தினவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்த ஆள். அன்றைக்கும் முந்தித்தான் போனோம். முந்தியும் பயனில்லை. பஸ் தேடி ஏறி, பாரி துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிரேக்கத்துக்கான கப்பல் போய்விட்டது. அடுத்த நாள் கப்பலுக்குச் சீட்டை மாற்ற மேலதிகமாக 20 யூரோ. இவர் கோபத்தில் இரவு சாப்பிடவில்லை. ஏனென்று நான் கேட்டபோது, "நாங்கள் நேரத்துக்கு வந்தனாங்கள், அவங்கள் வரேல்லை" என்றார். அந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கிரேக்கத்தில் தீனோஸ் தீவுக்குப் போவதாக இருந்தோம். துறைமுகத்திலிருந்து மாதா கோயில் வரை பெண்கள் முழந்தாளில் ஏறும் தலம். மச்சாள் அங்கே கொளுத்தச் சொல்லி மெழுகுதிரிக்குக் காசு தந்திருந்தார். ஏதென்ஸ் நகரை அடுத்த பிரேயஸ் துறைமுகத்துக்கு வந்தால் கப்பல்கள் எல்லாம் கட்டி நிற்கின்றன. வடக்கிலிருந்து காற்று. எங்கள் வாடையைப் போல, ஆனால் மழை இல்லாமல், வானம் நீலமாக இருக்க அடிக்கிறது. பொதுவாகக் காற்று போஃபோர்ட் அளவில் 8 ஐத் தொட்டால் கடலோரக் காவல் பகுதியினர் கப்பலை விடமாட்டார்கள். இன்று இல்லை என்றார்கள். அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. எங்கள் விமானத்துக்கு இரண்டு நாள்தான் மிச்சம்.

துறைமுகத்துக்குக் கிட்ட அறைகள் விலை கூடிவிட்டபடியால் நிக்கேயா என்ற பகுதியில் ஒரு வீட்டில் அறை எடுத்தோம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத இடம். நேர் நேரான ஒழுங்கைகள். சின்னச் சின்னப் பழைய வீடுகள், நடுவில் புதிய மாடிக் கட்டடங்கள். வீட்டு வரிசையைப் பார்த்தவுடனேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரோ ஒரு அதிகாரி மேசையில் கோடு போட்டு அமைத்த ஊர் எப்படியிருக்கும் என்பது மெனிக் பாமில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சந்தேகம் சரிதான். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த போர் 1922 இல் கிரேக்கரின் தோல்வியில் முடிந்தது. ஸ்மிர்னா நகரம் எரிந்தது. 1923 இல் லொசான் நகரில் செய்த உடன்பாட்டின்படி மக்களையே மாற்றிக்கொண்டார்கள். துருக்கியில் இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இங்கே, கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் அங்கே. முன்னரே ஓடி வந்தவர்களையும் சேர்த்துப் பன்னிரண்டு இலட்சம் பேரளவில் கிரேக்கத்துக்கு வந்தார்கள். அப்போது அந்த நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஐம்பது இலட்சம் அளவுதான். அகதிகளுக்கென்று ஏதென்சைச் சுற்றி ஊர்கள் எழும்பின. விட்டுவந்த ஊரின் பெயருக்கு முன்னால் 'நேயா', அதாவது புதிய, என்று சேர்த்துப் பெயர் வைத்தார்கள். நேயா ஸ்மிர்னி, நேயா இயோனியா, நேயா ஃபிலதெல்ஃபியா. நிக்கேயாவும் விட்டுவந்த ஒரு ஊரின் பெயர்தான்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் கதைத்தோம். அவருடைய பாட்டி ஸ்மிர்னாவிலிருந்து வந்தவர். கப்பலில் ஏறும்போது தையல் மெசினின் மேசையைக் கரையில் விட்டுவிட்டு, தலையை மட்டும் கழற்றிச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்தாராம். இந்தக் கதை எனக்குப் புதிதல்ல. என் பெரியம்மா விசுவமடுவிலிருந்து அப்படித்தான் கொண்டுபோனார், தேவிபுரம் வரைக்கும். உள்ளூர்க் கிரேக்கர்கள் பாட்டியின் ஆட்களைத் 'துருக்கி விதை' என்று நையாண்டி செய்வார்களாம், பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களாம். அம்மா இதைச் சொல்லும்போது நூறு வருடத்துக்கு முந்தின விடயம் போலத் தெரியவில்லை, போன கிழமை நடந்ததுபோல முகம் சிவந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் இவர் துறைமுகத்துக்குப் போய், போகாத கப்பலின் சீட்டுக் காசை முழுதாகத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். காற்றுத்தடையால் கப்பல் போகாவிட்டால் முழுக் காசையும் தந்துவிடுகிறார்கள். மச்சாளின் மெழுகுதிரியை நிக்கேயாவின் கோயிலில் கொளுத்துவதென்று முடிவு செய்தோம். வீட்டுக்கார அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டார். புதுக்குடியிருப்பு என்றேன். அவருக்கு அதைத் திருப்பிச் சொல்ல வரவில்லை. நான் தொலைபேசியில் புதிய குடியிருப்பு என்று எழுதிக் காட்டினேன். அது கிரேக்கத்தில் எழுத்தாக மாறியதும் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கி, நின்று, உரத்து வாசித்தார்: "நேயோஸ் இகிஸ்மோஸ்."

பிறகு தொலைபேசியை வாங்கித் தானே ஏதோ எழுதினார். தமிழில் வந்ததைப் பார்த்தேன். "நீங்கள் எந்த ஊரிலிருந்து அங்கே வந்தீர்கள்?" என்று கேட்டிருந்தார்.